எங்கள் வீட்டில் படம் எதுவும் இல்லை

அக்கா ஒரே ஒரு சினிமாவில் நடித்தாள். அதையும் அவள் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம். கீரனூரில் அப்பா டென்ட் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தார். படப்பெட்டியோடு வந்த கம்பெனி ஆள் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். உள்ளே அக்கா பாடிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கதாநாயகிக்குத் தோழி வேஷம் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறீர்களா என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய், பதினோரு நாள் நடிக்கவைத்துக் கூட்டிவந்தார்.

படம் வெளிவருவதற்குள் அவளுக்குக் கல்யாணம். தஞ்சாவூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். "பொண்ணு சினிமாவுல நடிச்சதப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கொட்டகைப் பக்கம் அவ இனி தலைவச்சும் படுக்கக் கூடாது" என்று மாமனார் கண்டிஷன் போட்டார். நடிக்க அனுப்பிய அதே அப்பா, "அதுக்கென்னங்க, அப்படியே ஆகட்டும்" என்று தலையை ஆட்டினார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் படம் எங்கள் கொட்டகையில் மூன்று வாரம் ஓடியது. ஊர்ப் பெண் நடித்த படமாயிற்றே, சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. வாசலில் டிக்கெட் கிழித்து முடித்ததும் நானும் உள்ளே போய் நிற்பேன். பிறகு படத்தை எடுத்த கம்பெனி மூழ்கிப் போயிற்று. பெட்டியைத் திருப்பிக் கேட்டு ஒரு ஆளும் வரவில்லை. சில வருஷம் கழித்து அப்பாவும் கொட்டகையைப் பிரித்துவிட்டார். மெஷினை எங்கள் பழைய ஆபரேட்டரே வாங்கிக்கொண்டு சொந்த ஊரான விராலிமலைக்குப் போய்விட்டார். படச்சுருள் இருந்த பன்னிரண்டு தகர டப்பாக்களும் எங்கள் வீட்டு நெல் அறையில் தங்கின.

அறுபதுகளின் நடுவில், தாலியறுத்துக்கொண்டு அக்கா எங்களிடமே திரும்பி வந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. வந்த மூன்றாம் மாதம் அந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டாள். துணியை எடுத்துத் துடைத்து அடுக்கிவைத்தாள்.

"தம்பி, ஆபரேட்டரண்ணன்கிட்ட சொல்லி ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டுடா. நான் எப்படி இருக்கேன்னு பாக்கணும்."

"பாக்கலாங்க்கா" என்றேன். இந்தப் பார்க்கலாமிலேயே ஒன்றரை வருஷத்தை ஓட்டினேன். விராலிமலை என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் போய்விடலாம். விதவை வீட்டில் சினிமா ஓட்டினால் தெருவில் என்ன பேசுவார்களோ என்று எனக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பழைய சினிமாப் படங்களைத் தேடிப் பிடித்துப் பத்திரப்படுத்துவதற்கென்று மத்திய சர்க்கார் புதிதாக ஆரம்பித்த ஆபீஸ் ஒன்று, அப்பாவின் பேருக்கு இங்கிலீஷில் எழுதியிருந்தது. அக்கா நடித்த படத்தின் பேரைச் சொல்லி, அதன் கடைசிப் பிரதி உங்கள் கொட்டகைக்கு வந்ததாகத் தெரிகிறது, இருந்தால் எத்தனை ரீல், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்கவும், அனுப்பினால் பாதுகாத்துவைப்போம், நீங்கள் பார்க்க விரும்பினால் வசதி செய்து தருவோம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

நான் குளத்தூர் தாலுகா ஆபீஸில் கிளார்க். கடிதம் முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. ஒரு வரியைக்கூட நம்பவில்லை. உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று மேலிருந்து கேட்டு வரும் எந்தக் கடிதத்துக்கும் எங்கள் ஆபீஸில் ஒரே பதில்தான்: இல்லை. இருக்கிறது என்று எழுதினால் யாரிடம் அனுமதி வாங்கினாய், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேள்விமேல் கேள்வி வரும். இல்லை என்றால் ஃபைல் மூடிவிடும். போதாததற்கு அந்தக் காலத்துப் பிலிம் தீப்பெட்டி மாதிரி பற்றக்கூடியது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். நானோ சர்க்கார் உத்தியோகஸ்தன்.

"ஏப்பா, இது என்னடா வில்லங்கம்? வீட்ட சோதன போட வருவாங்களா?" என்றார் அப்பா.

"வந்தா என் வேலை போயிரும்ப்பா" என்றேன்.

எங்கள் வசம் படம் எதுவும் இல்லை என்று நானே அழகான கையெழுத்தில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் சேர்த்தேன். எழுதியதற்கப்புறம் அதை உண்மையாக்க வேண்டுமே. அந்த வாரம் கிருத்திகை. அக்கா விராலிமலைக்குச் சாமி கும்பிடப் போனாள். நடுப்பகலில் நானும் அப்பாவும் டப்பாக்களை வண்டியில் ஏற்றி, வறண்டு கிடந்த கண்மாய்க்குள் கொண்டுபோய்க் கொட்டிக் கொளுத்தினோம். குபீரென்று எரிந்தது. ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சிக்கல் தீர்ந்ததென்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பாவி, நிம்மதியாக.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்காவின் முகத்தில் அப்படி ஒரு களை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, ஆபரேட்டரண்ணனப் பாத்தேன்டா! வர்ற ஞாயித்துக்கெழம மெஷினத் தூக்கிக்கிட்டு வாரேன்னுட்டாரு. காசு ஒண்ணும் வேணாமாம். நீ வெள்ள வேட்டி ஒண்ண மட்டும் செவுத்துல கட்டிரு, போதும்."

அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான்தான் சொன்னேன். அவள் நெல் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். திட்டியிருந்தால், ரெண்டு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் கடிதம் வந்தது. பதில் போட்டதற்கு நன்றி என்றும், தாங்கள் விசாரித்தவரையில் அந்தப் படத்துக்கு வேறு பிரதி எங்கும் இல்லை, மிகவும் வருந்துகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். சோதனையும் இல்லை, வழக்கும் இல்லை. என் சர்வீஸில் சர்க்கார் வருத்தப்பட்டு எழுதி நான் பார்த்த கடிதம் அது ஒன்றுதான்.

படிக்கச் சொல்லி அக்கா கேட்டாள். தமிழில் சொன்னேன்.

"சரி, விடு. நீதான் மூணு வாரமும் பாத்தியில்ல? நான் எப்படி இருந்தேன், சொல்லு."

என்னத்தைச் சொல்ல? திரையில் அவள் வந்தாலே மணலில் உட்கார்ந்திருந்தவனெல்லாம் விசிலடிப்பான், வாயில் வந்ததைக் கத்துவான். என் அக்காவைச் சொல்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசும். அவள் வரும் காட்சி முடியும்வரை தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மூன்று வாரத்தில் ஒரு ஆட்டத்தில்கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"நல்லா இருந்தக்கா" என்றேன்.

"கடைசியில ஒரு அழுகுற சீன் வருமே, அதுல நான் நின்னுக்கிட்டு அழுதேனா, உக்காந்து அழுதேனா? எனக்கே மறந்துபோச்சுடா."

எனக்கும் தெரியாது என்று அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.