என் வீட்டை நானே விற்ற லட்சணம்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வாசற்படிகள் உயரம். ஏரிக்குப் பக்கத்துத் தெரு. மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நானே நின்று தூக்கிக் கட்டியது. தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் முட்டி தேய்ந்த பிறகு என் மனைவி வெளியே வருவதும் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குக்கூட கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவாள். கோவிலம்பாக்கத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில், படியே இல்லாத தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்தது. பொங்கல் வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார் அந்த வீட்டுக்காரர். அதற்குள் எங்கள் வீட்டை விற்றாக வேண்டும்.

நான் நாலாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றிருப்பேன். திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை. இரும்பையும் இரும்பையும் ஒட்டுகிற எனக்கு, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒட்டவைக்க நடுவில் ஒரு புரோக்கர் எதற்கு என்று தோன்றியது. பட்டறையில் மிஞ்சிய தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் எழுதினேன்: வீடு விற்பனைக்கு, ஓனர் நேரடி, புரோக்கர் வர வேண்டாம். கீழே என் போன் நம்பர். கேட்டில் கட்டினேன்.

முதலில் வந்தது புரோக்கர்தான். தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பானே, அவன்.

"இன்னாண்ணா, நம்மளாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இந்தத் தெருவுல எந்த வூடும் நம்ம கை படாம போவாது."

"படாமயே போவட்டும்பா. இப்பதான் வெள்ளையடிச்சி கீது."

அவன் சிரிக்கவில்லை. "பாத்துக்கலாம்ணா" என்று போய்விட்டான்.

அதற்குப் பிறகு நிறைய பேர் வந்தார்கள். ஹாலைப் பார்த்தார்கள், மாடியைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டு போன் செய்கிறோம் என்றார்கள். தெருமுனையைத் தாண்டியதும் செத்துப்போன மாதிரி ஆனார்கள். ஒரு போன் இல்லை. என் மனைவி என் வாயைத்தான் சந்தேகப்பட்டாள்.

"பாத்ரூம் கதவு சாத்தாதுன்றத ஏன்யா அவங்களாண்ட சொல்ற?"

"சாத்தாதுன்னு எங்க சொன்னேன்? உள்ள பாடிகினே இருந்தா யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னேன்."

"விக்கிற மூஞ்சப் பாரு!"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள் மழைத் தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்கமாட்டார்கள். அவர் பொய் சொல்வார் என்று தெரியும். தெருமுனையில்தான் விசாரிப்பார்கள். தெருமுனையில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு உறைக்க இத்தனை நாளானது. மூளையில் துரு.

மனைவியின் போனை எடுத்து, வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். செம்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன், கேட்டில் தகர போர்டு இருந்தது, எப்படி என்று கேட்டேன்.

"அந்த வூடா? வேணாம் சார். மழ வந்தா கட்டிலு மெதக்கும். ஓனரு ஒரு லூசு. நான் வேற வூடு காட்றேன்."

லூசு என்றதில் எனக்குக் கோபமில்லை. அதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. கட்டில் மிதக்கும் என்றானே, அதில்தான் உடம்பு பற்றி எரிந்தது. ஒவ்வொரு செங்கல்லும் என் முதுகில் ஏறின செங்கல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

"எந்த மழையில எங்க வூட்டுக் கட்டில் மெதந்துச்சு? சொல்லுடா!"

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கத்தாதண்ணா. நம்ம கமிஷன ஒத்துக்கோ. நாளிக்கே தண்ணி வத்திடும்."

அடித்திருப்பேன். பக்கத்து டீக்கடைக்காரர் என் இடுப்பைப் பிடித்துவிட்டார். நல்லவேளை, லுங்கியைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தகரத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: நல்ல மழை பெய்யும்போது வந்து பார்க்கவும்.

கார்த்திகையில் ஒரு நாள் வானம் கிழிந்துகொண்டு ஊற்றியபோது, ரெயின்கோட்டோடு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். ஸ்கூட்டரை மெயின்ரோட்டிலேயே விட்டுவிட்டு, முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நடந்தே வந்திருந்தார். தண்ணீர் எங்கள் இரண்டாம் படியோடு நின்றிருந்தது. மேலே ஏறி வந்தவர், ஒவ்வொரு அறையிலும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டில் மிதக்கும்னு முனையில ஒருத்தர் சொன்னாரே சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "மெதந்தா நான் எதுக்கும்மா இந்தப் படியில எறங்கப் போறேன்? கட்டில்லயே படுத்துகினு போய்ச் சேந்துடுவேனே!"

டீச்சர் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டில் வைத்து அட்வான்ஸ் கொடுத்தார்.

பத்திரம் பதிகிற அன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவில் அந்தப் புரோக்கர் நிற்கிறான்! வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"மேடத்துக்கு வூட்டுக்கு வழி காட்னதே நான்தாண்ணா. முனையில நின்னு என்னாண்டதான கேட்டாங்க. எதுனா பாத்து செய்ங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஜோக் வரவில்லை. கெட்ட வார்த்தைகள்தான் வரிசையாக வந்தன. ஆபீஸ் வாட்ச்மேன் வந்து என்னைத்தான் வெளியே போகச் சொன்னார். வீட்டை விற்கிற ஓனர் வெளியே, வழி காட்டினவன் ஃபேனுக்குக் கீழே. என் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். கைரேகை வைக்கும்போதும் அவனைத் திரும்பித் திரும்பி முறைத்தேன். மெஷின் என்னை ஏற்கவே இல்லை. மூன்று தடவை துடைத்து வைத்தேன்.

அவனுக்குப் பைசா கொடுக்கவில்லை. டீச்சரும் கொடுக்கவில்லை.

இப்போது கோவிலம்பாக்கத்தில் இருக்கிறோம். சாயங்காலமானால் என் மனைவி தானே நடந்துபோய்க் கீரை வாங்கி வருகிறாள், வழியில் நாலு பேரிடம் வம்பு பேசுகிறாள். நான் வாசலில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். "இன்னுமாய்யா?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தாண்டி மறுபடியும் வெளியே போகிறாள்.