திருப்பியனுப்பிய தீபாவளித் தட்டு

கிறிஸ்தவப் பிள்ளைகள் பிறர்க்கு நன்மாதிரியாக விளங்குவது குறித்து ஏதேனும் எழுதித் தருமாறு எங்கள் சபையின் இளைஞர்கள் என்னைக் கேட்டனர். அறவுரை எழுத எனக்குத் துணிவில்லை. ஆயினும் அப்பொருளோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றை என் கண்ணாற் கண்டிருக்கிறேன். அதில் இடம்பெற்றோருள் இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. என்னோடு அது மறைந்துபோகலாகாது என்பதனாலேயே இதனை எழுதி வைக்கிறேன்.

முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். கடல் கடந்த இத்தீவின் ஜார்ஜ்டவுனில் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா கப்பல் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எங்களுக்கும் அடுத்த வீட்டாருக்கும் இடையிலிருந்த சுவர் கூரையைத் தொடவில்லை. அவர்கள் வீட்டுத் தாளிப்பு எங்கள் மூக்குக்கும், எங்கள் மாலைச் செபத்தின் பாட்டு அவர்கள் செவிக்கும் தடையின்றிச் சென்றன. அவ்வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு மாட்டுவண்டி ஓட்டுபவர். ஆண்டுதோறும் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவர். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் மதினி என்று அழைத்துக்கொள்வர். நெல்லைச் சீமையிலிருந்து வந்த அம்மாவுக்கு இத்தீவில் வேறு உறவு கிடையாது. அண்ணனும் நானும் பிறந்தபோது அருகில் இருந்தவர் அந்த அத்தை ஒருவரே.

இரு வீட்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் தட்டு போய்வந்துகொண்டிருந்தது. தீபாவளியன்று அத்தை அதில் அதிரசமும் முறுக்கும் வைத்து, வாழையிலையால் மூடிக் கொண்டுவருவார். வெறுந்தட்டைத் திருப்பித் தருவது வழக்கமன்று. ஆகவே அம்மா அதனைத் துலக்கி வைத்திருந்து, கிறிஸ்து பிறப்பு விழாவில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் நிரப்பி அனுப்புவார். தீபாவளித் தட்டு எப்போதும் விடியுமுன்னே வந்துவிடும். நாங்கள் அதிரசத்தைக் கடிக்கும் வேளையில், சுவருக்கு அப்பால் அத்தையின் மகன், "எங்களுக்கு எப்பம்மா?" என்று சிணுங்குவது கேட்கும். தன் வீட்டுப் பலகாரத்துக்கே காத்திருக்க வேண்டியவன் எத்துணைப் பேறற்றவன் என்று நான் இரங்கியதுண்டு.

அவ்வாண்டு எங்கள் சபைக்குப் புதிய உபதேசியார் வந்தார். தமிழகத்திலிருந்து அப்போதுதான் கப்பலிறங்கிய இளைஞர்; பிள்ளைகள்மீது உண்மையான அன்புடையவர். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் அவர், பிற தெய்வங்களுக்குப் படைத்ததை உண்ணலாகாது என்றும், அதனை வேண்டாமென்று மறுக்கும் பிள்ளையே மற்றவர்க்கு நன்மாதிரி என்றும் உரைத்தார். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் அச்சொல்லை நெஞ்சில் ஏற்றுக்கொண்டான். அதிரசத்தின்மேல் அவனுக்கிருந்த பற்றை எங்கள் தெருவே அறியும். எனவே அவன் மேற்கொண்ட துறவு சிறியதன்று.

தீபாவளி விடியலில் அத்தை வந்தார். அம்மா பின்கட்டில் இருந்தார். அண்ணன் வாயிலை மறித்து நின்றான்.

"வேண்டாம் அத்தே. நாங்க வேதக்காரங்க. சாமிக்குப் படைச்சதத் திங்கக் கூடாது."

"யாரு ராசா சொன்னா?"

"உபதேசியார் ஐயா சொன்னாங்க."

அத்தை அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. "சரிய்யா" என்று மட்டும் கூறி, இலையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார். அண்ணன் பின்கட்டுக்குச் சென்று கிணற்றடியில் முகம் கழுவினான். அவன் அழுதிருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. அதிரசத்துக்காக அழுதான் என்றே எண்ணினேன். நானும் அதற்காகவே அழுதுகொண்டிருந்தேன்.

செய்தியறிந்த அம்மா அவனை அடிக்கவில்லை. "மதினி என்ன சொன்னாங்க?" என்று மட்டும் இருமுறை கேட்டார். அந்த ஞாயிறன்று உபதேசியார் அண்ணனை எல்லார் முன்னும் நிறுத்திப் பாராட்டி, ஆட்டுக்குட்டியைத் தோளிற் சுமந்த மேய்ப்பரின் வண்ணப்படம் ஒன்றைப் பரிசளித்தார். அன்றுமுதல் சுவருக்கு மேலே பேச்சு வரவில்லை. அத்தை எங்களைக் கண்டால் முகம் திருப்பவில்லை. ஆனால் நின்று பேசவுமில்லை. அம்மா தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக் கதவைப் பார்ப்பார்.

கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. பலகாரம் இருந்தது, திருப்பித் தரவேண்டிய தட்டு எங்களிடம் இல்லை. அம்மா தம்மிடமிருந்த ஒரே பீங்கான் தட்டை, நீலப்பூப் போட்ட சீனத் தட்டை, எடுத்து நிரப்பினார்.

"அப்பா கொண்டு போகட்டுமே" என்றான் அண்ணன்.

"நீதான் திருப்பி அனுப்புன. நீதான் கொண்டு போகணும்."

நான் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு உடன்சென்றேன். அத்தையின் மகன் வாயிலிலேயே பிடித்துக்கொண்டான்.

"அம்மா! வேதக்காரர் வந்திருக்காரு. நம்ம வாசப்படியில கால் வைக்கலாமான்னு உபதேசியாரக் கேட்டுட்டு வந்தாரான்னு கேளு!"

"சும்மா இருடா வாயாடி" என்றவாறு அத்தை வெளியே வந்தார்.

"பின்ன என்னம்மா? எங்களுக்குச் சாமி கும்பிட்டப்புறந்தான் குடுப்ப. இவங்களுக்கு மட்டும் அடுப்புலேருந்து எறக்குனதுமே எடுத்து வைப்ப. படைச்சத வேதக்காரங்க திங்க மாட்டாங்க, அதான் முன்னாடியே எடுக்குறேன்னு நீதானே சொன்ன? அதப் போயி வேணான்னுட்டான்!"

"உள்ள போடா!" என்று அத்தை அதட்டினார். பிறகு அண்ணன் கையிலிருந்த தட்டை வாங்கி, ஓர் அச்சுமுறுக்கை அங்கேயே ஒடித்து வாயிலிட்டார். "மதினி கை மாறவே இல்ல. நான் சாயங்காலம் வர்றேன்னு சொல்லு" என்றார்.

அண்ணனின் காதுமடல் சிவந்திருந்தது. வீட்டில் அம்மா, "வாங்கிக்கிட்டாங்களா?" என்றார். "ம்" என்றான். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறன்று அண்ணன் அந்த வண்ணப்படத்தை உபதேசியாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் மெல்லிய குரலில் சொன்னதை அவர் குனிந்து கேட்டார். பின்னர் படத்தைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவன் தோளில் கைவைத்தபடி நெடுநேரம் நின்றார். அவ்வளவு அழகிய படத்தை எவனாவது திருப்பித் தருவானா என்று எனக்கு ஆற்றாமை.

மறு தீபாவளியன்று விடியுமுன் நான் கண்விழித்தேன். அண்ணன் குளித்து, ஆலயத்துக்கு அணியும் வெள்ளைச் சட்டையோடு வாயிலில் நின்றுகொண்டிருந்தான். அத்தை வந்தார். அவர் கையில் இருந்தது எங்கள் பீங்கான் தட்டு.

"உபதேசியார் இந்த வருசம் என்ன சொன்னாரு ராசா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே இரு கைகளாலும் தட்டை வாங்கினான். பெரிய அதிரசத்தைக் கைப்பற்றவே அவன் முந்திக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்து, நான் ஓடிச்சென்று அதனை எடுத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை. அது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இவற்றுள் ஆண்டிலோ, பலகாரத்திலோ, பேச்சிலோ என் நினைவு பிறழ்ந்திருக்கலாம். அத்தையின் வழிவந்தோர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், பிழை கண்டவிடத்துத் திருத்தியருள வேண்டுகிறேன். எங்களுக்கென முதலில் எடுத்து வைக்கும் வழக்கத்தை அவர் எந்த ஆண்டில் தொடங்கினார் என்பதையும் அவர்கள் அறிவித்தால் நன்றியுடையவளாவேன். அதனை அவரிடம் கேட்க எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.