நகராத மேகம்

வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரமே, செல்லப்பா அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பப் பார்த்தேன். போனவர்கள் திரும்பாத இடம் அது. வேண்டுமென்று செய்யவில்லை, பிள்ளைகளே, எல்லாம் ஒரு மேகத்தால் வந்த வினை.

ஜப்பான்காரன் காலம். பினாங்கு வானிலை அலுவலகத்தில் நான் அப்சர்வர். மொட்டை மாடியில் தியோடலைட் என்னும் தொலைநோக்கியில் மேகங்களைப் பார்த்து, திசை, உயரம், நகர்வு எல்லாம் ரெஜிஸ்டரில் எழுதுவேன். சீனியர் செல்லப்பா அண்ணன் கையெழுத்துப் போடுவார். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், மூன்று மாலையும் ஒரு சின்ன மேகம் தெரிந்தது. ‘நகரவில்லை’ என்று எழுதினேன்.

நாலாம் நாள் எங்கள் ஜப்பானிய அதிகாரி ரெஜிஸ்டரை மேசைமேல் ஓங்கி அடித்து, உடைந்த மலாயில் கத்தினார்.

“பாக்கேரோ! முட்டாளுங்களா! இந்தக் காத்துல மூணு நாள் ஒரு மேகம் அங்கேயே நிக்குமா? பார்க்காமலே எழுதியிருக்கீங்க! கையெழுத்து யாரோடது?”

அண்ணன் பெயர் சயாம் பட்டியலில் ஏறியது.

“என்னடா எழுதித் தொலைச்சே? ஆயர் ஈத்தாம் வீட்டுல பிள்ளைங்க இருக்குடா!” என்றார் அண்ணன்.

“சத்தியமா இருக்குண்ணே. காட்டுறேன் லா!”

அதிகாரியின் காலில் விழாத குறையாக ஒரே ஒரு மாலை கேட்டு வாங்கினேன். அப்போது எங்கள் கடிகாரங்களும் தோக்கியோ நேரந்தான்; மணி ஒன்பதேகால். நம் ஊரில் அப்போதுதான் இருட்டும். வானம் மூடிக் கிடந்தது. அண்ணன் “முருகா, முருகா” என்றார். மேகமூட்டம் சட்டென்று விலகியது! பிளாக் அவுட்டில் ஊரே கும்மிருட்டு.

“இதோ! இதோ!” கத்தியேவிட்டேன்.

அதிகாரி தியோடலைட்டில் கண்ணை வைத்தார், எடுக்கவேயில்லை. பிறகு சிரித்தார்!

“மேகந்தான். ஆனா நம்ம மேகமில்ல. வாயுவும் தூசியும். தன் பாரத்துலயே சுருங்கி, சூடாகி, உள்ளுக்குள்ளே நட்சத்திரம் பிறக்கும்னு எங்க பேராசிரியர் சொல்வார். பாரு!”

பார்த்தேன். வெளுத்த புகைக்குள் ஊசிமுனைப் புள்ளிகள். அடேயப்பா, நட்சத்திரமும் பிறக்குமா! மரவள்ளிக்கிழங்கே சோறான நாட்கள். அன்று பசியே தெரியவில்லை.

அதிகாரி சயாம் பட்டியலில் அண்ணன் பெயரை அடித்துவிட்டார். பிறகு ரெஜிஸ்டரில் உயரக் கட்டத்தைத் தொட்டார். ‘எட்டாயிரம் அடி.’ நான் எழுதியது.

“அளந்தியா?”

“இல்லீங்க... குத்துமதிப்பா...”

பளாரென்று ஒன்று விட்டார். கன்னம் எரிந்தது. அண்ணன் பிழைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

அங்கிருந்து ஒளி வந்து சேரவே ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகுமாம். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணில் பட்டதைத் தைரியமாக எழுதுங்கள், பிள்ளைகளே. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள்.