புகைபோக்கி விழுந்த காலை

பெங்களூர் காக்ஸ் டவுனில் மகன் வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. மகனும் மருமகளும் ஆபீஸ் கிளம்பிவிட்டால், பிறகு நானும் ஃபிரிட்ஜும்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு நாள், ஷூ மாட்டிக்கொண்டே மகன் போனை நீட்டினான். "அம்மா, நம்ம பிளான்ட் சிம்னிங்க. வெடி வெச்சு எறக்கிட்டாங்க." பழைய அனல்மின் நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று தெரியும். வீடியோவில் மூன்று புகைபோக்கிகளும் முட்டி மடங்கி உட்கார்ந்தன. யாரோ கைதட்டினார்கள். இரும்பை ஏலம் எடுத்தவர்களாக இருக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். மகன் டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நிலையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எத்தனை மெகாவாட் என்று எழுதுவார்கள். குவார்ட்டர்ஸ் பெண்களைக் கேட்க மாட்டார்கள். நான் கல்யாணமாகிப் போனபோது ஒரு புகைபோக்கிதான். மகன் பிறந்த வருடம் இரண்டாவது எழுந்தது, அவன் பள்ளிக்கூடம் போகும்போது மூன்றாவது. என் வீட்டுக்காரருக்கு மூன்றாவதின் கன்ட்ரோல் ரூமில் வேலை. அதில் புகை நின்றால் யூனிட் டிரிப் ஆகி நின்றுவிட்டது என்று அர்த்தம்; மனுஷன் சாப்பிட வரமாட்டார். கேரியரில் கட்டி அனுப்புவேன். திரும்பப் புகை வந்தால்தான் அடுத்த வேளைக்கு உலை வைப்பேன். கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல். திட்டிக்கொண்டே உதறுவேன்.

அவர் இறந்த பிறகும், குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற வரை, மொட்டைமாடிக்குப் போய்ப் புகையைப் பார்ப்பேன். அவர் இன்னும் ஷிஃப்டில்தான் இருக்கிறார் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். பெங்களூருக்கு வந்தும் அது போகவில்லை.

மகனிடம் சொன்னால் காற்று மாசு பற்றிப் பாடம் எடுப்பான். அவன் சொல்வதும் நியாயம். ஆனால் எனக்கு யாரோடாவது சேர்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டேன். என்னோடு மாடியில் நின்று புகை பார்த்தவர். இப்போது சேலத்தில் மகளோடு இருக்கிறார்.

"பாத்தேன்டி. நாலு தடவ போட்டுப் பாத்தேன்," என்றார் அக்கா. "அந்தக் கரியிலதான எங்க வீட்டுக்காரர் இருமி இருமியே போனாரு. இப்பதான் என் வயிறு குளுந்துச்சு. உனக்கும் அப்படித்தான இருந்துச்சு?"

"ஆமாங்க்கா," என்றேன்.

போனை வைத்தேன். யாரும் இல்லாத வீட்டில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.