இட்லி மாவும் ஒரு ரேடியேட்டர் வால்வும்

எழுபதுகளில் ஜெர்மனியின் ஆஹென் நகரில் படித்தபோது, நானும் அறைத்தோழனும் சனிக்கிழமைதோறும் இட்லி மாவை, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்தான் புளிக்க வைப்போம். வால்வை முழுதாகத் திறந்தால் மாவு பாத்திரத்திலேயே வெந்துவிடும். மூடினால் குளிரில் அப்படியே கிடக்கும். பாதி திறந்தாலோ, வால்வு டங் டங்கென்று அடிக்க ஆரம்பித்துவிடும்.

"தட்டினா தட்டிட்டுப் போகுது மச்சான், மாவு பொங்குதா பாரு" என்பான் அவன். எனக்குத்தான் மண்டை வெடிக்கும்.

சத்தம் குழாய் வழியாக மேல்மாடிக்கும் போயிற்று. அங்கே தனியாக இருந்த ஜெர்மானியக் கிழவர் ஒரு ஞாயிறு காலை சண்டைக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள், மரியாதைக்கு இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினோம். வந்த வேலையை மறந்து சட்னியை வழித்துத் தின்றார். அதன்பின் ஞாயிறுதோறும் அவருக்கும் ஒரு தட்டு போனது. புகார் நின்றது, சத்தம் நிற்கவில்லை.

நான்தான் பொறுக்கமாட்டாமல் கட்டடத்தைப் பராமரிப்பவரைக் கூப்பிட்டேன். வால்வை யாரோ தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக மாட்டியிருந்தார்கள்; சத்தம் அதனால்தான். அவர் அதைக் கழற்றித் திருப்பி மாட்டியதும் அறை அமைதியானது.

அந்தச் சனிக்கிழமை மாலை மறுபடியும் டங் டங். ஒரு வாரம்கூடத் தாங்காத வேலை என்று திட்டிக்கொண்டே வால்வைத் தொட்டேன். அதில் அதிர்வே இல்லை. சத்தம் மேலேயிருந்து வந்தது.

ஏறிப் போய்ப் பார்த்தேன். கிழவர் கையில் கரண்டியோடு தன் ரேடியேட்டர் அருகே உட்கார்ந்திருந்தார்.

"கீழே சத்தமே காணோம். நாளைக்கு இட்லி இல்லையா?" என்றார்.