ராதாபுரத்துப் பனையில் கிடைத்த பெரிய பேண்ட்

“அதைத் தூக்கி எறிஞ்சிட்டு வேற சாம்பிள் எடும்மா” என்றார் என் கைடு. நான் எறியவில்லை. இன்று எனக்கென்று ஒரு லேப் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அப்போது நெல்லையில் லைக்கன்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மரப்பட்டையில் சாம்பல் திட்டாகப் படர்ந்திருக்குமே, அதுதான் லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன் எல்லா உயிருக்கும் உண்டு. அதை ஒப்பிட்டால் யார் யாருக்கு உறவு என்று தெரியும்.

ஸ்ரீவைகுண்டத்துத் தென்னையில் எடுத்த லைக்கனின் ஜீன், டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் வழக்கமான இடத்தில் ஒரு பேண்டாக, அதாவது கோடாக, நின்றது. ராதாபுரத்துப் பனையில் எடுத்ததும் பார்வைக்கு அதே லைக்கன்தான். ஆனால் அதன் பேண்ட், பெரிய துண்டு மெதுவாகத்தான் நகரும் என்பதால், மேலேயே நின்றுவிட்டது. சரியான அளவில் வந்ததை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மற்றதைக் குப்பையில் போடுவது எங்கள் லேப் வழக்கம்.

“பாசி டி.என்.ஏ. கலந்துருக்கும்மா.”

“பூஞ்சை ஜீனை மட்டும் பிடிச்சு நகலெடுக்கிற பிரைமர்தான் சார் போட்டேன்.”

“எதுக்கு என்கிட்ட மல்லுக்கு நிக்க? இந்த சாம்பிளோட தீசிஸ் கொண்டாந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. மறுநாளே ராதாபுரம் பஸ் ஏறினேன்.

வேறு பனைகளில் சுரண்டிக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு குரல். “ஏ தாயி, என்னத்தச் சொரண்டுதிய?”

“இந்தத் திட்டு யாருக்குச் சொந்தம்னு பாக்கேன் அண்ணாச்சி.”

“பனை என்னுது. திட்ட நீங்களே வச்சிக்கிடுங்க.”

புது சாம்பிளிலும் அதே பெரிய பேண்ட். சரிபார்க்க டி.என்.ஏ. போடாமல் விட்ட குழியில் ஒன்றும் இல்லை; ஆகவே வெளியிலிருந்து எதுவும் கலக்கவில்லை. ஜீனின் எழுத்து வரிசையைப் படித்தால் இரண்டு முனையும் தென்னை லைக்கனோடு ஒத்துப்போயின. நடுவில் மட்டும் ஒரு துண்டு கூடுதல். அது ஜீனுக்குள் செருகியிருக்கும் இன்ட்ரான் என்ற துண்டு என்றால், ஆர்.என்.ஏ. தயாராகும்போது அது வெட்டுப்பட்டிருக்க வேண்டும். ஆர்.என்.ஏ.விலிருந்து நகலெடுத்து ஜெல்லில் ஓட்டினேன். பேண்ட் வழக்கமான இடத்துக்கு இறங்கியது. அன்று லேபில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

இன்ட்ரான் இடம் மாறும், தொலைந்தும் போகும். அதை மட்டும் நம்பி உறவு சொல்லக் கூடாது. அதனால் மற்ற ஜீன்களையும் பார்த்தேன். பனை லைக்கன் வேறு கிளை என்றே அவையும் காட்டின.

தீசிஸைப் பரிசீலித்த கமிட்டி முன்னால் கைடு சொன்னார்: “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு.”

“இல்ல சார். நீங்க எறியத்தான் சொன்னிய” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

என் லேபில் அளவு தப்பிய பேண்டை எறிய என் அனுமதி வேண்டும். இதுவரை நான் கொடுத்ததில்லை.