வேலியைப் பற்றிப் பேசிய மத்தியானம்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நாலு பேர் ஓர் அறையில் கூடினாலே சந்தேகம். அது தெரிந்திருந்தும், பீடோங்கில் ஒரு பாயின் சாப்பாட்டுக்கடை மாடியில் நான் குடியிருந்த அறைக்கு இரண்டு மாணவர்களைப் பேச வரச் சொன்னேன். பள்ளிக்கூட டீச்சருக்கு விடுமுறையிலும் கை சும்மா இருக்காது. வரச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருவரும் சுங்கை லாலாங் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள், சின்ன வயதில் என்னிடம் படித்தவர்கள். ஒருவன் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகன். மற்றவன் பால்மரம் வெட்டுபவரின் மகன். சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் போன பிறகு அரசியல் புகுந்து, ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி அரசாங்கம் முள்கம்பி வேலி போட்டு, வாசலில் சோதனையும் வைத்திருந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளிடமிருந்து காப்பாற்ற என்றான் கிராணி மகன். தொழிலாளியை அடைத்துவைக்க என்றான் மற்றவன்.

பட்டிமன்றத்தில் வெட்டிப் பேசிக் கைதட்டல் வாங்கத்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு விதி வைத்தேன். பதில் சொல்லும் முன் எதிராளியின் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அவன் "ஆமா, அதுதான்" என்று ஒத்துக்கொண்டால்தான் சொந்தப் பேச்சு.

அன்று மற்றவன் பக்கத்தை எடுத்துச் சொல்வது கிராணி மகன் முறை. ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அவன் குரலை எதைக்கொண்டு சாத்துவது?

"இந்த வேலி நம்மளக் காப்பாத்த இல்ல. வெள்ளக்காரன் நம்மளப் பட்டியில அடைச்சு வச்சிருக்கான்."

"வார்த்த சரி. ஆனா அது இல்லலா. மறுபடி சொல்லு," என்றான் மற்றவன்.

கிராணி மகன் இன்னும் சத்தமாகச் சொன்னான். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த தமிழ் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார்.

"இப்பப் பேசுனது யாரு?"

விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளக்கூடிய காலம். 'இது இவன் கருத்து' என்று கிராணி மகன் கை நீட்டினால் மற்றவன் தொலைந்தான். விதி என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"நான்தான் சார்," என்றான் கிராணி மகன்.

அப்பா யார் என்று கேட்டார். சொன்னான். அவர் முகம் இளகியது.

"பெரிய கிராணி மகனா? படிச்ச திமிருலா தம்பி. அப்பா பேரக் கெடுக்காத."

பிறகு மற்றவனிடம் திரும்பினார். "நீ எந்த லயம்?"

அவன் சொன்னதும் சட்டையைக் கழற்றச் சொன்னார். பையைத் தரையில் கொட்டினார். புத்தகங்களைக் காலால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "இவன்கூடச் சேந்தா இப்படித்தான் பேச்சு வரும்," என்று கிராணி மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கிராணி மகன் குனிந்து புத்தகங்களைப் பொறுக்கினான். அவனுக்கு இவ்வளவு மெல்லப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேசுனது நானு. கொட்டுனது உன் பைய. அந்த வேலி வாசல்ல என் சட்டைய ஒருத்தனும் தொட்டதில்ல."

மற்றவன் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டான்.

"ஆமா," என்றான். "அதுதான்."